பதினெட்டாம் துளை

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. இன்றைக்கு ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர்களைவிடத் துடைத்தவர்கள்தான் அதிகம். ஸ்கேன் மெஷினுக்கு மாலை, ஆம்புலன்ஸுக்கு வாழைக்கன்று, லிஃப்ட் பட்டனுக்குக்கூட ஒரு குங்குமப் பொட்டு. எங்கள் சிஸ்டம்ஸ் பிரிவில் மொத்தமே இரண்டு பேர்தான், மேனேஜர் நாச்சிமுத்து சாரும் நானும். ஆஸ்பத்திரியில் எந்த ஒயரில் எது ஓடினாலும் எங்கள் தலையில்தான் விடியும். எங்கள் இருவருக்கும் வருஷத்தில் ஒரே ஒரு சண்டை வரும் என்றால் அது இந்த நாளில்தான் வரும்.

சண்டை ஸ்விட்ச்சைப் பற்றி. லைட் போடுகிற ஸ்விட்ச் இல்லை. மாடிக்கு ஒன்றாக, எல்லா ஒயர்களும் வந்து சேருகிற பெட்டி. மேல் வரிசையில் பன்னிரண்டு துளை, கீழ் வரிசையில் பன்னிரண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் உள்ளே ஒவ்வொரு துளைக்கும் ஒரு விலான் நம்பர், அதாவது கூட்டத்து நம்பர், கொடுத்து வைத்திருக்கிறோம். மூன்றாம் மாடியில் மேல் வரிசை நோயாளிகளின் மானிட்டர்களுக்கு, அது விலான் முப்பது. கீழ் வரிசை அறைகளில் இருக்கும் டிவிகளுக்கு, அது ஐம்பது. முப்பதில் பேசுவது முப்பதில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். மாடிகளுக்கு நடுவில் ஓடுவது ஒரே ஒயர். அதில் ஏற்றும்போது ஸ்விட்ச் ஒவ்வொரு தகவலின் மேலும் அதன் விலான் நம்பரைக் குத்தி அனுப்பும். அடுத்த மாடி ஸ்விட்ச் நம்பரைப் பார்த்து, அதே கூட்டத்துத் துளைகளில் மட்டும் இறக்கும். யாரோ டிவியில் படம் பார்க்கிறார் என்பதற்காக இன்னொருவருடைய நாடித்துடிப்பு வழியில் நிற்கக் கூடாது, அதற்குத்தான் இத்தனை பிரிவினை.

இப்படிப் பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்ததை, சார் வருஷா வருஷம் மொத்தமாகப் பிடுங்கி ஈரத்துணியால் துடைப்பார்!

"ஏனுங் சார், ஒயரைப் புடுங்காமத் தொடைக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டேன்.

"அழுக்கோட பூஜை போடறதுக்குப் போடாமயே இருந்துக்கலாம் அம்மிணி. உனக்குப் பயமா இருந்தா அக்கட்டால போயிப் பொரி கட்டு" என்றார்.

போய்ப் பொரி கட்டினேன். மூன்றாம் மாடியை அவர் தனியாகவே முடித்தார். மாட்டிய ஒவ்வொரு ஒயர் தலையிலும் தாராளமாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, அதை அவரிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 12, சனி

லீவு. இட்லி மாவு பொங்கி வழிந்து அடுப்பு மேடை நாசம். மகளுக்குத் தீபாவளிச் சட்டை தைக்கக் கொடுத்தோம். என் வீட்டுக்காரர் ஜவுளிக்கடைக்காரர், தீபாவளி முடியும்வரை அவரை வீட்டில் பார்ப்பது கஷ்டம்.

அக்டோபர் 14, திங்கள்

மூன்றாம் மாடி ஆறாம் நம்பர் அறையில் ஒருவர் இறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சாவு புதிதில்லை. ஆனால் இவர் பிழைத்தவர். அர்த்தநாரி, சென்னிமலைக்காரர், தறி வைத்திருந்தவர். நெஞ்சுவலியோடு வந்து, ஐசியுவில் இருந்து, எல்லாம் சரியாகி இன்று மத்தியானம்தான் அறைக்கு மாற்றினார்கள். நாளை மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். தூங்கட்டும் என்று அவர் மனைவி ருக்மணி கதவைச் சாத்திவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறார். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மானிட்டர் மட்டும் கத்திக்கொண்டிருந்ததாம்.

நான் பில்லிங்கில் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மேலே இருந்து ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இப்போதும் காதை விட்டுப் போகவில்லை.

அறை மானிட்டர் கத்தினால் நர்ஸ் மேஜையில் இருக்கும் பெரிய திரையும் கத்த வேண்டும், சிவப்பாக மின்ன வேண்டும். மேஜையில் இருந்த நர்ஸ் கவனிக்கவில்லை என்கிறார்கள். தூங்கியிருப்பாள், இல்லை போனை நோண்டியிருப்பாள். அப்படி என்னதான் இருக்கிறதோ அந்தப் போனில்! நினைக்க நினைக்க ஆத்திரமாக வருகிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

அந்த நர்ஸ் பெயர் ஜெபசெல்வி. நாசரேத் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை ஹாஸ்டலை விட்டு ஊருக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. தப்பு நிரூபணமானால் நர்ஸ் பதிவே போய்விடும், அப்புறம் எந்த ஊரிலும் ஊசி போட முடியாது.

கேண்டீனில் அவளைப் பார்த்தேன். சுற்றி நாலு மேஜையும் காலி, யாரும் பக்கத்தில் உட்காரவில்லை. நானும் விலகித்தான் போயிருப்பேன். அவளே எழுந்து வந்தாள்.

"அக்கா, நீங்க சிஸ்டம்ஸ் தான? நான் தூங்கலக்கா. ஆறாம் நம்பர் கட்டம் திரையில வரவே இல்ல, ஆள் இல்லாத ரூம் மாதிரி சாம்பலாக் கெடந்துச்சு. நான் ஒங்க ஆபீஸுக்குப் போன் பண்ணேம்லா!"

"யாரு எடுத்தா?"

"ஒரு ஆம்பள சத்தம். இந்தா வாரேன், சித்த நேரத்துல சரியாயிரும்னாங்க. நான் நேர்ல போயும் பாத்தேன், நல்லாத் தூங்கிட்டு இருந்தாங்க. பெறகு ரெண்டாம் நம்பருக்குப் புது அட்மிஷன் வந்துட்டு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "செத்துப்போனவரை வெச்சுக்கிட்டு இப்படிப் பொய் பேசாத புள்ள" என்று சொல்லிவிட்டு டீயைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். இன்று காலையில் நானே அந்தத் திரையைப் பார்த்தேன். ஆறாம் நம்பர் கட்டம் பச்சையாக, ஜம்மென்று இருக்கிறது.

ஏதாவது தப்பான நம்பருக்குப் போன் போயிருக்கும். ஏதாவது ஆம்பளை எடுத்திருப்பான்.

அக்டோபர் 16, புதன்

சும்மா இருக்க முடியவில்லை. மத்தியானம் மூன்றாம் மாடி ஸ்விட்ச்சைப் போய்ப் பார்த்தேன். துணி அடுக்கும் அறையின் மூலையில், கண்ணாடிக் கதவு போட்ட பெட்டிக்குள் இருக்கிறது.

ஆறாம் அறை ஒயர் ஆறாம் துளையில்தான் இருந்தது. எல்லாம் சரி. கதவைச் சாத்தப்போனவள், சந்தனத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். எல்லாத் துளையிலும் பொட்டு காய்ந்து, ஒயர் தலைக்கும் பெட்டிக்கும் நடுவில் முழு வட்டமாக ஒட்டிக்கிடந்தது. ஆறில் மட்டும் ஒயர் தலையில் பாதிப் பொட்டு, பெட்டியில் ஒன்றும் இல்லை. ஆறுக்கு நேர் கீழே இருப்பது பதினெட்டு. அந்தத் துளை காலி. அதன் விளிம்பில் பெட்டியோடு ஒட்டி மிச்சப் பாதி இருந்தது. குங்குமத்தோடு.

பூஜையன்றைக்கு அந்த ஒயர் பதினெட்டில் இருந்திருக்கிறது. பிற்பாடு யாரோ பிடுங்கி ஆறில் மாட்டியிருக்கிறார்கள்.

பதினெட்டு டிவி வரிசை. ஒயர் தப்பான துளையில் இருக்கிறது என்று ஸ்விட்ச் கூச்சல் போடாது. எந்தத் துளையில் செருகினாயோ அந்தக் கூட்டத்து ஆளாக உன்னை எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மானிட்டர் அனுப்பிய அலாரத்தை ஐம்பதாம் நம்பர் என்று எடுத்துக்கொண்டு, நர்ஸ் மேஜைத் திரைக்குத் தகவல் கொடுக்கும் சர்வர் எங்கே என்று ஐம்பதுக்குள்ளேயே தேடியிருக்கும். அங்கே சர்வர் இல்லை, அது இருப்பது முப்பதில். எங்கிருக்கிறது என்று தெரியாவிட்டால் அந்தக் கூட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் வழக்கம். ஆகவே, சாகக் கிடந்த மனிதனின் அலாரம் அந்த மாடியில் இருக்கும் டிவி ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் கால்மாட்டில் இருந்த டிவிக்கும் போயிருக்கிறது. டிவிகள் இது நமக்கு இல்லை என்று தள்ளிவிட்டிருக்கும்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். துணி எடுக்க வந்த ஆயா, "ஏனுங்க மேடம், மயக்கமாங்க?" என்று தண்ணீர் கொடுத்தார்.

போட்டோ எடுத்திருக்கலாம். தோன்றவில்லை. சார் திங்கட்கிழமை அதைக் கவனித்துச் சரிசெய்திருப்பார். அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றுதான் தெரியவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. சாப்பாடு இறங்கவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

நாச்சிமுத்து சாரைப் பற்றி இங்கே எழுதிவிட வேண்டும். எனக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை. மகளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைக்க ஆள் இல்லாமல் விழித்தோம். "நான் இல்லையா?" என்று வேட்டி கட்டிக்கொண்டு சீர்த்தட்டோடு வந்து நின்றவர் அவர். குழந்தைக்காக வேலையை விட்ட என்னை மூன்று வருஷம் கழித்துக் கூப்பிட்டு அதே நாற்காலியில் உட்கார வைத்தவரும் அவர்தான்.

இன்று மத்தியானம் அவர் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது கேட்டுவிட்டேன்.

"சார், ஆறாம் நம்பர் ஒயர் பதினெட்டுல இருந்துச்சுங்களா?"

மூடியைத் திரும்ப மூடினார்.

"இருந்துச்சு அம்மிணி."

"அந்தப் புள்ள போன் பண்ணுச்சுங்களா?"

"பண்ணுச்சு." அவர் என்னைப் பார்க்கவில்லை, டிபன் பாக்ஸைப் பார்த்தார். "இதே மாதிரிதான் சாப்பாட்டு முன்னால உக்காந்திருந்தேன். ரெண்டு வாய் தின்னுட்டுப் போலாம்னு இருந்தனம்மா. காலி ரூம்னு நெனச்சேன். ஆளு மாத்தியிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது. மேல போறப்பவே அழுகச் சத்தம். எல்லாரும் ரூம்ல இருந்தாங்க. நான் போயி ஒயரை மாத்திட்டேன். ஏன் மாத்துனேன்னே தெரியல, கை தானாப் போயிருச்சு."

ஐயோ! என் காதால் கேட்டேன் இதை.

"அந்தப் புள்ளைய தூங்குனதாச் சொல்றாங்களே சார்!"

"தெரியும்."

"சொல்லோணுமில்லங்க!"

"இதை உட்ரு அம்மிணி. மேல போகாத. மேல ஒண்ணுமில்ல." சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

அவருக்குப் பயம், பாவம். ஆஸ்பத்திரியை நடத்துகிற எம்.டி. அம்மாவுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயப்படுகிறார். எம்.டி. அம்மா கண்டிப்பானவர், ஆனால் நியாயஸ்தர். விஷயம் தெரிந்தால் அதிர்ந்துபோவார். ஒரு நிமிஷம்கூட அந்தப் பெண்ணைச் சஸ்பென்ஷனில் வைக்க மாட்டார்.

அக்டோபர் 19, சனி

இன்று போட்டோ எடுக்கலாம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். ஸ்விட்ச் பளபளவென்று இருக்கிறது. ஒரு பொட்டு இல்லை. ஆறாம் அறை ஒயரே புது ஒயர்.

அக்டோபர் 21, திங்கள்

எம்.டி. அம்மாவைப் பார்த்தேன். டாக்டர் சௌந்தரவல்லி, இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த கை. உட்காரச் சொன்னார், காபி வரவழைத்தார். நான் சொன்னேன். துளை, ஒயர், பாதிப் பொட்டு, போன், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டு, அவர் முகம் மாறுவதற்காகக் காத்திருந்தேன்.

முகம் மாறவே இல்லை.

"நாச்சிமுத்து அன்னைக்குச் சாயங்காலமே வந்து சொல்லிட்டார் சுகந்தி. இதே நாற்காலியில உக்காந்து அழுதார்" என்றார்.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்புறம் ஏனுங்கம்மா அந்தப் பொண்ணு..."

"யோசிச்சுப் பாருங்க. ஒரு நர்ஸ் தப்புன்னா நர்ஸை மாத்திடலாம், ஜனங்க மறந்துடுவாங்க. இந்த ஆஸ்பத்திரியில அலாரம் அடிச்சா டிவிக்குப் போகும்னு வெளியில போச்சுன்னா? நாளைக்கு ஒருத்தர் இங்க வந்து படுப்பாங்களா? முந்நூறு பேர் இங்க சம்பளம் வாங்குறாங்க. நீங்களும்தான்." குரல் உயரவே இல்லை. பிரசவ அறையிலும் இப்படித்தான் பேசுவார் என்று நினைத்துக்கொண்டேன். "வெள்ளிக்கிழமை அந்தக் குடும்பம் வருது. நர்சிங் சூப்பரின்டென்டென்ட்கிட்டயும் எல்லாம் சொல்லியாச்சு, அவங்ககிட்ட ஜெபசெல்வி கடிதம் எழுதிக் கொடுத்திடுவா. அவங்க முன்னால மன்னிப்புக் கேட்டுட்டா போலீஸ் வரைக்கும் போக மாட்டாங்க. அந்தப் பொண்ணுக்கும் அதுதான் நல்லது. காபி ஆறுது பாருங்க."

ஸ்விட்ச்சைத் துடைக்கச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை.

படி இறங்கும்போதுதான் உறைத்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டுக்குத் தெரிந்திருக்கிறது, சாருக்குத் தெரிந்திருக்கிறது, இந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதிர்ச்சியடைய இந்தக் கட்டடத்தில் மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான்.

அக்டோபர் 22, செவ்வாய்

ஹாஸ்டலுக்குப் போனேன். ஜெபசெல்வி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள், என்னைத் திட்டுவாள், கட்டிக்கொண்டு அழுவாள் என்று என்னென்னவோ எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

"நான் எழுதிக் குடுத்துட்டேங்க்கா" என்றாள்.

"என்னன்னு?"

"கண் அசந்துட்டேன்னு. சூப்பரின்டென்டென்ட் மேடம் சொல்லச் சொல்ல எழுதினேன். மூணு தடவ எழுத வச்சாங்க, எழுத்து சரியில்லன்னு." மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள். "எழுத எழுத எனக்கு உண்மையிலயே தூங்குன மாதிரியே இருக்குக்கா. தலை மேஜையில சாஞ்ச மாதிரி ஞாபகம் வருது. நான் போன் பண்ணேனா இல்லையான்னே இப்பம் தெரியல. எங்கப்பாட்ட சொன்னேன். ஏன் மக்கா தூங்குனன்னு அவங்களும் அழுதாங்க."

"நீ தூங்கல புள்ள!"

"நீங்களும் அன்னைக்குப் பொய் பேசாதன்னுதான சொன்னிய."

எனக்குப் பொக்கென்று போய்விட்டது. அவள் கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அக்டோபர் 23, புதன்

நடந்ததையெல்லாம் வீட்டுக்காரரிடம் சொன்னேன், பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், "வீட்டு லோனு இருக்குது, புள்ளைக்கு ஸ்கூல் இருக்குது. உனக்குத் தெரியாததா" என்றார். விட்டுவிடு என்றும் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை. மோட்டார் போட்டு மறந்து, டேங்க் நிரம்பி வாசல் வரை தண்ணீர்.

பொட்டு போய்விட்டது. ஒயர் போய்விட்டது. என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. பதினெட்டில் ஒயரைச் செருகினால் அந்த ஸ்விட்ச் இன்றைக்கும் அதையேதான் செய்யும்.

அக்டோபர் 25, வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும், நாளைக்கு நானே வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

அர்த்தநாரி வீட்டிலிருந்து அவர் மனைவி ருக்மணியும் தம்பியும் வந்தார்கள். தம்பி ஆஜானுபாகுவான ஆள், உள்ளே வரும்போதே கத்திக்கொண்டு வந்தார். ருக்மணி அவர் பின்னாலேயே வந்தார். எம்.டி. அம்மா அறையில் பேச்சு நடந்தது. மன்னிப்புக்கு முன்னால் ருக்மணி ஒன்றே ஒன்று கேட்டாராம், "ஒருக்கா அந்த ரூமைப் பாக்கோணுங்க." ஆகவே எல்லாருமாக மூன்றாம் மாடிக்கு வந்தார்கள். எம்.டி. அம்மா கையில் கடிதம், பின்னால் நாச்சிமுத்து சார், அவர் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு ஜெபசெல்வி.

நான் நர்ஸ் மேஜைக்குப் பக்கத்தில் காத்திருந்தேன். எப்படியும் கீழே போய்க் கதவைத் தட்டுவதாகத்தான் இருந்தேன். அவர்களே மேலே வந்துவிட்டார்கள்.

ருக்மணி அறைக்குள் போய்க் கட்டிலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வெளியே வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். ஜெபசெல்வி அவர் காலில் விழக் குனிந்தாள்.

"விழாத புள்ள!" என்றேன். என் குரல் எனக்கே நாராசமாக இருந்தது. "ஏனுங்க, அஞ்சு நிமிசம் எனக்குக் குடுங்க. நான் இங்க ஒயர் வேலை பாக்கறவ. என்ன நடந்துச்சுன்னு உங்க கண்ணால பாருங்க, அப்புறம் யார் கால்ல யார் விழுகோணுமோ விழுகட்டும்."

"சுகந்தி, என்ன பண்றீங்க?" என்றார் எம்.டி. அம்மா.

"சொல்லட்டும்" என்றார் தம்பி. அவர் சொன்ன தோரணையில் யாரும் நகரவில்லை.

ஜெபசெல்வியை ஆறாம் அறைக் கட்டிலில் உட்கார வைத்து, விரலில் மானிட்டர் கிளிப்பை மாட்டச் சொன்னேன். அறைக் கதவை என் கையாலேயே சாத்தினேன். மேஜைத் திரையில் ஆறாம் கட்டம் பச்சையாகி அவள் நாடித்துடிப்பு ஓடியது. வேகமாக ஓடியது. "இது அவ நாடி. பாத்துக்குங்க" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, துணி அறைக்குள் போய் ஒயரைப் பிடுங்கிக் கீழே, பதினெட்டில் செருகினேன்.

திரையில் ஒரு சின்ன டிங். கட்டம் சாம்பலாகிவிட்டது. ஆள் இல்லாத அறை.

"ஜெபா, கிளிப்பைக் கழட்டு!" என்று கத்தினேன்.

கழற்றினாள். அறைக்குள் மானிட்டர் அலறத் தொடங்கியது. மேஜைத் திரை கம்மென்று கிடந்தது. தம்பி திரையைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"உள்ள கத்துது. இங்க வரலை" என்றார்.

"வராதுங்க. அன்னைக்கும் இப்படித்தான் வரலை. இந்தப் புள்ள தூங்கல. கட்டம் வரலைன்னு போன் பண்ணியிருக்கா."

"யாருடா ஒயரை அங்க மாட்டுனது?"

தம்பி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எம்.டி. அம்மா சாரைப் பார்த்த பார்வையில் பேசாதே என்று எழுதியே இருந்தது. சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடி வாங்கத் தயாராகிறார் என்று எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"நான்தானுங்க. போனை எடுத்ததும் நான்தானுங்க. சோறு தின்னுட்டு இருந்தேன்" என்றார்.

தம்பி அடிக்கவில்லை. கை ஓங்கியது, பிறகு தானாகவே இறங்கியது. எம்.டி. அம்மா கையிலிருந்த கடிதத்தைப் பிடுங்கி நாலாகக் கிழித்தார். "அந்தப் புள்ள மேல ஒரு சொல்லு வந்துச்சு, போலீசைக் கூட்டீட்டுத்தான் வருவேன். உங்க மேல வர்றது தனி" என்று கத்தினார். எம்.டி. அம்மா அங்கேயே, அத்தனை பேர் முன்னால், சஸ்பென்ஷன் ரத்து என்று வாயால் சொன்னார்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். சத்தியமாக அந்த ஒரு கணம் எனக்குக் கண் நிறையச் சந்தோஷம்தான்.

மானிட்டரை யாரும் நிறுத்தவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் அது கத்திக்கொண்டே இருந்தது.

"இந்தச் சத்தமுங்களா?"

ருக்மணிதான் கேட்டார். மாடிக்கு வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை. பெஞ்சில் முதுகு நிமிர உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதேதானுங்க. இந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். ரொம்ப நேரம் கேட்டுச்சு. ஆஸ்பத்திரின்னா என்னமோ ஒண்ணு கத்தீட்டுத்தான இருக்கும்னு... உள்ள போனா நர்சு வையும்னு நெனச்சுட்டு... முந்தானையில பூ வெச்சிருந்தேன், கட்டிக்கிட்டு இருந்தனுங்க. இந்தச் சத்தத்துக்குப் பக்கத்துல உக்காந்து பூக் கட்டீட்டு இருந்திருக்கேன்."

கடவுளே, நான் என்ன செய்துவிட்டேன்! தம்பி, "அண்ணி" என்று பெஞ்சுக்குப் பக்கத்தில் போனார். எம்.டி. அம்மா முதல்முறையாக அதிர்ந்துபோய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கதவைத் திறந்துகொண்டு ஜெபசெல்வி வந்தாள். உள்ளே இருந்து எல்லாம் கேட்டிருக்கிறது. ருக்மணி முன்னால் தரையில் உட்கார்ந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா. நீங்க கேட்டது இது இல்லம்மா. அது நாலாம் நம்பர் மெஷின். அன்னைக்குப் பூராவும் கத்திக்கிட்டுதான் கெடந்துச்சு, நான்தான போய்ப் போய் அமத்தினேன். எனக்குத் தெரியும்லா, என் டியூட்டில்லா. ஆறாம் நம்பர் கதவைச் சாத்திட்டா ஒரு பொட்டுச் சத்தம் வெளிய வராதும்மா. இப்பம் கதவு ஒழுங்காச் சாத்தல, அதான் கேட்டுச்சு."

ருக்மணி அவளை நம்பாமல் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்படீங்களா? நீங்கதான் ஒயரு மெஷினெல்லாம் தெரிஞ்சவிங்க. நீங்க சொல்லுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து சாரும் பார்த்தார்.

"ஆமாங்க. அது நாலாம் நம்பர் சத்தந்தானுங்க" என்றேன்.

ருக்மணி அதற்குப் பிறகுதான் அழுதார். ஜெபசெல்வி அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நான் உள்ளே போய் மானிட்டரை நிறுத்தினேன், ஒயரைப் பிடுங்கி ஆறில் மாட்டினேன்.

நாலாம் நம்பர் அறையில் அன்றைக்கு யாராவது இருந்தார்களா என்று சர்வரில் பார்க்க அரை நிமிஷம் போதும். நான் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.